டிவைட் எட் இம்பெரா மாட்ல தோத்துக்கிட்டே இருக்கீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோட்டல் வார் ரோம் 2ங்கிற கம்ப்யூட்டர் போர் கேம் வந்தது 2013ல. அதுக்கு ரசிகர்கள் சேர்ந்து செஞ்ச பெரிய மாட் (கேமையே மாத்துற கூடுதல் ஃபைல்) தான் டிவைட் எட் இம்பெரா, லத்தீன்ல "பிரித்து ஆள்"னு அர்த்தம், நாம ஸ்கூல்ல படிச்ச அதே பிரித்தாளும் சூழ்ச்சி தான். ஃப்ரெண்ட்ஸ் யாரு இத இன்ஸ்டால் பண்ணினாலும் ரெண்டாவது நாள் எனக்கு ஒரு மெசேஜ் வந்துடும், "டேய் என்னடா இது, விளையாடவே விடமாட்டேங்குது"னு. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால மொத்தமா இங்க எழுதி வச்சுட்டேன்.

வெனிலாவுல (மாட் இல்லாத ஒரிஜினல் கேம்ல) ஹார்ட்ல ஈஸியா ஜெயிச்சவன் நான். இதுல நார்மல்லயே 40 டர்ன் (நம்ம முறை) தாண்டல. ஏன்?

ஏன்னா நீங்க இன்னும் வெனிலா தான் ஆடிட்டு இருக்கீங்க ப்ரோ. வெனிலாவுல ஒரு ஊரப் பிடி, உடனே பக்கத்து ஊரு, உடனே அடுத்தது, செத்த ஆளுங்க ரெண்டு டர்ன்ல தானா நிரம்பிடுவாங்க. இங்க ஒவ்வொரு ஆளும் எங்கயோ ஒரு ஊர்ல இருந்து வரணும், அவனுக்கு சோறு வேணும், அவன் போனா அந்த ஊர்ல ஒரு ஆள் குறைவு. சண்டையில ஜெயிக்கிறது இந்த மாட்ல பெரிய கஷ்டமே இல்ல, ஜெயிச்சதுக்கு ஆன செலவ தாங்குறது தான் கஷ்டம்.

கேம் ஆரம்பிக்கிற வருஷம் கிமு 272. அதே வருஷம் தான் கிரேக்கப் பக்கம் எபிரஸ் நாட்டு ராஜா பிர்ரஸ் ஆர்கோஸ் ஊர் தெருச் சண்டையில செத்தான், வீட்டுக் கூரையில இருந்து ஒரு கிழவி எறிஞ்ச ஓடு தலையில பட்டு விழுந்தான்னு பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வச்சிருக்காரு. இந்த மனுஷன் 280ல ஏறக்குறைய 25,000 பேரும் 20 யானையும் கொண்டு இத்தாலிக்கு வந்து ஹெராக்ளியாவுல ஜெயிச்சான், அடுத்த வருஷம் ஆஸ்குலம்லயும் ஜெயிச்சான், ஆனா அவன்கிட்ட செத்த ஆளுக்கு பதில் ஆள் இல்ல, ரோமுக்கு இருந்துச்சு. கடைசியில ரெண்டு சண்டை ஜெயிச்சவன் ஊருக்குத் திரும்பிப் போனான், தோத்தவன் இத்தாலி முழுக்க வச்சுக்கிட்டான். உங்க 40 டர்ன் கேம்பெயின்ல நடக்குறது இதே தான், நீங்க பிர்ரஸ் பக்கம் உக்காந்திருக்கீங்க, அவ்ளோ தான்.

எந்த டிஃபிகல்ட்டில ஆரம்பிக்கலாம்?

கேம்பெயின் (மேப்ல நாட்ட ஆளுறது) நார்மல், பேட்டில் (சண்டை) நார்மல். வெக்கப்பட ஒண்ணும் இல்ல. பேட்டில் டிஃபிகல்ட்டிய ஏத்தினா ஏஐ (எதிரிய ஓட்டுற கம்ப்யூட்டர்) புத்திசாலி ஆகாது, எதிரி ஆளுங்களுக்கு மொரேல் (மன உறுதி) போனஸ் தான் ஏறும், அதுக்கப்புறம் கவண்கல் எறியுறவன் கூட உங்க திரியாரிக்கு (ரோமோட அனுபவசாலி கடைசி வரிசை) முன்னாடி கல்லு மாதிரி நிப்பான், பாக்கவே எரிச்சலா இருக்கும். சவால் வேணும்னா கேம்பெயின மட்டும் ஏத்துங்க. லெஜண்டரி (ரொம்ப கஷ்டமான லெவல்) பக்கம் போகவே வேணாம், அதுல சண்டைய பாஸ் பண்ணி ஆர்டர் குடுக்க முடியாது, உங்க இஷ்டத்துக்கு சேவும் கிடையாது.

எந்த ஃபேக்ஷன் (நாடு) எடுக்கலாம்?

ரோம். போரடிக்கும்னு சொல்லுவீங்க, பரவால்ல. ஆள் பலம் இருக்கு, இத்தாலி ஒரே கட்டா இருக்கு, தப்பு பண்ணாலும் திரும்ப எழுந்திரிக்கலாம்.

செலூசிட் (சிரியாவுல இருந்து கிழக்க ஆண்ட பேரரசு) எடுக்காதீங்க, மேப்ல பெருசா தெரியுதுன்னு எல்லாரும் அங்க தான் விழுறாங்க. பாதி இடம் சத்ரப்புங்க (மாகாண ஆளுநருங்க) கையில, அவனுங்க எப்போ முறுக்கிக்குவானுங்கன்னே தெரியாது. நிஜத்துலயும் கிமு 3ஆம் நூற்றாண்டு நடுவுல பாக்ட்ரியால டியோடோட்டஸ் தனியாப் போயிட்டான், பார்த்தியாவும் கையவிட்டுப் போச்சு. கார்த்தேஜ் பணக்கார ஃபேக்ஷன் தான், ஆனா ஆப்பிரிக்கா, சிசிலி, சார்டினியா, ஸ்பெயின்னு கடலுக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் சிதறிக் கிடக்கும், ஒரே நேரத்துல நாலு வாசல்ல காவல் நிக்கணும். ஸ்பார்ட்டா பத்தி கீழ ஆள் பஞ்சம் கேள்வியில சொல்றேன்.

முதல் 20 டர்ன் என்ன தான் பண்றது?

பெருசா ஒண்ணும் பண்ணாதீங்க, நெஜமாவே. இந்த மாட்ல ஒரு வருஷத்துக்கு 4 டர்ன், அதாவது 20 டர்ன்னா வெறும் 5 வருஷம். வெனிலாவுல ஒரு டர்ன் ஒரு வருஷம்ங்கிறதால ஜெனரல் பெயர் மனசுல நிக்கிறதுக்குள்ள செத்துடுவான், இங்க அந்த அவசரம் கிடையாது, உங்க இளைஞன் ஜெனரல் 100 டர்னுக்கு மேல கூட இருப்பான். பக்கத்துல இருக்கறவங்க எல்லாரையும் டிப்ளமசில கூப்பிட்டு வியாபார ஒப்பந்தம் கேளுங்க, மறுத்தா நாலு டர்ன் கழிச்சு திரும்பக் கேளுங்க. உங்க ப்ராவின்ஸ்ல (சில ஊர் சேர்ந்த மாகாணம்) பாக்கி இருக்க ஊர மட்டும் முடிங்க, ஏன்னா முழு ப்ராவின்ஸ் கையில இருந்தா தான் எடிக்ட் (மாகாணத்துக்கான அரசாணை) போட முடியும். சும்மா நிக்கிற கப்பற்படை இருந்தா கலைச்சுடுங்க. அகலக்கால் வைக்காதன்னு வீட்ல சொல்லுவாங்கல்ல, இந்த மாட்ட செஞ்சவங்க வீட்லயும் சொல்லியிருப்பாங்க போல, மொத்த டிசைனும் அது தான்.

எதிரி நாட்டுக்குள்ள போனதும் என் படை தானா செத்துட்டே போகுது. இது பக்-ஆ (கேம் கோளாறா)?

பக் இல்ல, பசி. இது தான் எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

ஒவ்வொரு ரீஜனுக்கும் (ஒரு ஊரும் சுத்தியுள்ள இடமும்) ஒரு சப்ளை கணக்கு இருக்கு. உங்க நாட்டுக்குள்ள இருக்கும்போது படை உங்க களஞ்சியத்துல இருந்து சாப்பிடும், எல்லை தாண்டினா அந்த ஊர்ல கிடைக்கிறதையும் கூட கொண்டு போனதையும் சாப்பிடும், ரெண்டும் தீந்துட்டா ஒவ்வொரு டர்னும் ஆள் குறையும், மொரேல் போகும். ரெண்டு ஸ்டாக்க (முழுப் படைய) ஒரே ரீஜன்ல நிறுத்தினா ரெண்டு மடங்கு வேகமா தீரும், ஒரு வீட்ல ரெண்டு கல்யாண கோஷ்டி வந்து இறங்கின மாதிரி. வறண்ட பூமியில இன்னும் மோசம், குளிர்காலத்துல வடக்க போனீங்கன்னா கேக்கவே வேணாம்.

செய்ய வேண்டியது: படையில ஒரு பேக்கேஜ் ட்ரெய்ன் (சாமான் வண்டி) சேத்துக்குங்க, சண்டையில அது ஒண்ணுக்கும் உதவாது, ஒரு ஸ்லாட் வீணாப்போச்சேன்னு தோணும், ஆனா அந்த மாட்டு வண்டி தான் உங்கள காப்பாத்தும். கடலோரமா போற வழி இருந்தா அத எடுங்க, கூடவே கப்பற்படை வந்தா சோறு கப்பல்ல வரும். வசந்தத்துல கிளம்பி குளிர் வர்றதுக்குள்ள ஒண்ணு ஊரப் பிடிச்சு உள்ள உக்காரணும், இல்ல எல்லைக்குத் திரும்பிடணும். சீசர் கூட கால் நாட்டுல (Gaul, இன்னைக்கு ஃபிரான்ஸ் பக்கம்) வருஷா வருஷம் குளிர் வந்ததும் படைய குளிர்கால முகாம்ல உக்கார வச்சவரு தான், அவருக்கே முடியாதது நமக்கு எதுக்கு.

நான் பண்ணின கூத்து ஒண்ணு. ரோம் எடுத்து சிசிலிய முடிச்ச குஷியில நேரா ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ் பக்கத்துலயே ரெண்டு ஸ்டாக்க இறக்கினேன், இறக்கிட்டு கப்பல்கள வேற எங்கயோ அனுப்பிட்டேன். முதல் சண்டை ஜெயிச்சேன். அதுக்கப்புறம் முற்றுகை போட்டு உக்காந்தேன், அவனுங்க உள்ள நிம்மதியா இருக்கானுங்க, வெளிய இருக்கிற நான் மெலிஞ்சுட்டே போறேன், ஆறாவது டர்ன்ல பாதி படை தான் மிச்சம், அப்போ வந்தான் பாருங்க யானையோட. அப்புறம் தான் தெரிஞ்சது, ரெகுலஸ்னு ஒரு ரோமன் கான்சல் (ரோமோட உச்சப் பதவிக்காரன்) கிமு 256ல இதே மாதிரி இறங்கி, முதல்ல ஜெயிச்சு, அடுத்த வருஷம் கார்த்தேஜ் கூலிக்கு வச்ச க்சாந்திப்பஸ்ங்கிற ஸ்பார்ட்டாக்காரன்கிட்ட யானை கேவல்ரியால அடி வாங்கி சிறை போயிருக்கான். தப்பிச்சவங்கள ஏத்திட்டு வந்த கப்பற்படையும் சிசிலி கிட்ட புயல்ல காலி. என் படைய ஏத்தக் கப்பலே இல்ல, அந்த வகையில புயலுக்கு வேலை வைக்கல நான்.

காசு இருக்கு, கட்டடம் இருக்கு, ஆனா ரெக்ரூட் பட்டன் சாம்பலா இருக்கு. ஏன்?

அந்த வகுப்புல ஆள் இல்ல. ஒவ்வொரு ரீஜன்லயும் ஜனத்தொகை நாலு வகுப்பா பிரிஞ்சிருக்கும், மேல பிரபுக்கள், அப்புறம் சொத்து இருக்கிற குடிமக்கள், அதுக்குக் கீழ ஏழைங்க, கடைசியா வெளியாளுங்க. ஒவ்வொரு யூனிட்டும் ஏதோ ஒரு வகுப்புல இருந்து தான் ஆள எடுக்கும். நல்ல கேவல்ரி மேல் வகுப்புல இருந்து வரும், அவங்க எண்ணிக்கை எப்பவும் கம்மி, அதனால குதிரைப்படைய சுவர்ல மோதி வீணடிச்சீங்கன்னா திரும்ப ஆள் வளர பல வருஷம் ஆகும். சண்டை முடிஞ்சு ஆள் நிரம்புதே, அதுவும் இந்தக் கணக்குல இருந்து தான் கழியும், இது நிறைய பேருக்குத் தெரியல.

சரித்திரத்த பாத்தா இந்த சிஸ்டம் எவ்ளோ சரின்னு புரியும். கிமு 225ல ரோமும் கூட்டாளிகளும் சேந்து 7 லட்சத்துக்கு மேல காலாட்படை, 70,000 குதிரைப்படை திரட்ட முடியும்னு பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் பொலிபியஸ் கணக்கு குடுக்கிறாரு. 216ல கார்த்தேஜ் ஜெனரல் ஹானிபாலோட கன்னேல மோதி ஒரே பகல்ல எத்தனையோ பத்தாயிரம் பேர் போனாங்க, ஏறக்குறைய 50,000ன்னு பொதுவா சொல்றாங்க, அதுக்கப்புறமும் ரோம் நின்னுச்சுன்னா இந்த ஆள் கணக்கு தான். ஆனா அவங்களுக்கே முட்டுச்சு, 8,000 அடிமைகள அரசாங்கக் காசுல வாங்கி படையில சேத்தாங்க. அதாவது மேல் வகுப்பு தீந்தா கீழ் வகுப்புக்கு இறங்கு, நம்ம மாட்லயும் அதே வழி தான். நல்ல ஹஸ்தாதி (ரோமோட முன்வரிசை வீரன்) கிடைக்கலையா, ஏழை வகுப்புல இருந்து ஈட்டி எறியுறவன், கவண்காரன்னு எடுங்க, கூட்டாளி ஊர்கள்ல இருந்து உள்ளூர் யூனிட் எடுங்க, காரிசன் (ஊர்க்காவல்) வேலைக்கு அவங்க போதும்.

ஆனா இறங்குறதுக்கும் ஒரு விலை உண்டு. கிமு 217ல ராஃபியா சண்டையில எகிப்த ஆண்ட கிரேக்க ராஜா டாலமி நாலாமவன் ஆள் பத்தாம எகிப்து நாட்டு ஜனங்கள்ல 20,000 பேர ஃபேலங்ஸா (நீள ஈட்டியோட நெருக்கி நிக்கிற படை) பழக்கி நிறுத்தினான், ஜெயிச்சும் போனான், ஆயுதம் பிடிச்சுப் பழகின அதே ஜனங்க அதுக்கப்புறம் அவனுக்கு எதிராவே கிளம்பிட்டாங்க.

ஸ்பார்ட்டாவோட பிரச்சினையும் இது தான். யூனிட் கார்டு பாத்து மயங்கி எடுப்பீங்க, ஆனா கிமு 3ஆம் நூற்றாண்டு நடுவுல அசல் ஸ்பார்ட்டன் குடிமக்கள் 700 பேருக்கு மேல இல்லன்னு புளூட்டார்க் சொல்றாரு. 700 பேர வச்சு உலகத்த ஜெயிக்கணும்னா சினிமா தான் எடுக்கணும். வரி குறைச்சு, சாப்பாடு மிச்சம் வச்சு, சண்டையே போடாம பத்து வருஷம் ஜனத்தொகைய வளக்கிற பொறுமை இருந்தா எடுங்க, எனக்கு இல்ல.

எப்பவும் காசு மைனஸ்.

படைய எண்ணுங்க. தேவைக்கு மேல ஒரு ஸ்டாக் இருக்கும், சவால்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். சண்டை இல்லாத காலத்துல காஸ்ட்லி யூனிட்ட உக்கார வச்சு சம்பளம் குடுக்காதீங்க, எல்லையில சின்ன படை, உள்ள காரிசன், போதும். கட்டடம் விஷயத்துல எல்லா ஊர்லயும் எல்லாம் கட்டணும்னு ஒரு ஆசை வரும், வேணாம், ஒரு ப்ராவின்ஸ வியாபாரத்துக்கு, ஒண்ண விவசாயத்துக்குன்னு பிரிச்சு விடுங்க. இன்னொண்ணு, பிடிச்ச ஊர எல்லாம் நேரா ஆளணும்னு அவசியமே இல்ல, க்ளையன்ட் ஸ்டேட் ஆக்கிட்டா கப்பம் வரும், கலவரத்த அவனே பாத்துப்பான், நடுவுல ஒரு தடுப்புச் சுவர் மாதிரி நிப்பான். ரோம் மாசிடோனியாவ கிமு 197லயும் 168லயும் தோக்கடிச்சிட்டும் உடனே மாகாணமா எடுத்துக்கல, 140கள்ல தான் எடுத்தாங்க. அவ்ளோ பெரிய பேரரசே அம்பது வருஷம் காத்திருந்திருக்கு.

பிடிச்ச ஊர்ல எல்லாம் கலவரம். எத்தனை தடவ அடக்குறது?

கலாச்சாரம் வேற, அதான். கிரேக்க ஊர்ல போய் உக்காந்தா முதல் சில வருஷம் முறைச்சிட்டு தான் இருப்பாங்க. வரிய அந்த ப்ராவின்ஸ்ல மட்டும் நிறுத்தி வைங்க, கோயில் கட்டுங்க, ஜெனரல படையோட உள்ளயே நிறுத்துங்க. எதிர்மறையா தோணும், ஆனா சில நேரம் கலவரம் வெடிக்க விடுறதே நல்லது, கிளர்ச்சிப் படை கிளம்பினதும் சின்னதா இருக்கும்போதே அடிச்சிடலாம், ஜெனரலுக்கும் அனுபவம் ஏறும். மெயின் தப்பு, ஒரு ஊர் அடங்குறதுக்கு முன்னாடியே படைய அடுத்த ஊருக்கு இழுத்துட்டு ஓடுறது.

சண்டை ஏன் இவ்ளோ நேரம் இழுக்குது? ஃபேலங்ஸ உடைக்கவே முடியல.

இழுக்கணும்னு தான் செஞ்சிருக்காங்க, வெனிலாவுல ரெண்டு நிமிஷத்துல எல்லாம் ஓடிருவான். இங்க முன்னாடி நிக்கிறவன் ரொம்ப நேரம் தாக்குப்பிடிப்பான், அதனால ஆரம்பத்துலயே எல்லாரையும் ஓட விட்டு களைப்பாக்காதீங்க, நடந்தே போகட்டும், ஒரு வரிசைய பின்னாடி புதுசா வச்சிருங்க. ரோமோட மூணு வரிசை அதுக்குத் தான்.

ஃபேலங்ஸ முன்னாடி இருந்து உடைக்கிறது நடக்காத காரியம், முயற்சியே பண்ணாதீங்க. முன்னாடி ரெண்டு மூணு யூனிட்ட காவல் காக்கிற மாதிரி நிறுத்தி, கேவல்ரியும் ஈட்டி எறியுறவனும் சுத்திப் பின்னாடி போகணும், முதுகுல ரெண்டு ரவுண்டு ஈட்டி விழுந்தா தெரியும் சேதி. கிமு 197ல கிரேக்கத்துல கினோஸ்கெஃபலேல நடந்ததும் இது தான், கரடுமுரடான மலையில மாசிடோனியா ஃபேலங்ஸ் ஒரு பக்கம் ஜெயிச்சுக்கிட்டே கீழ இறங்குது, பேர் கூட தெரியாத ஒரு ரோமன் ட்ரிப்யூன் (படை அதிகாரி) 20 மேனிபிள (சின்னப் படைப்பிரிவு) உருவிட்டுப் போய் அவனுங்க முதுகுல விழுந்தான், சோலி முடிஞ்சது. அந்த ஆள் பேர யாரும் எழுதி வைக்கலைங்கிறது எனக்கு இன்னும் வருத்தம்.

இன்னொரு விஷயம், எதிரி கிட்ட இருக்கும்போது ஃபோர்ஸ்டு மார்ச் (படைய வேகமா நடக்க வைக்கிறது) போடாதீங்க. கிமு 217ல ரோமன் கான்சல் ஃபிளமினியஸ் வேவு கூட பாக்காம ட்ராசிமீன் ஏரிக்கரையில பனிமூட்டத்துல நேரா நடந்து போனாரு, ஹானிபால் மேட்டுல ஒளிஞ்சிருந்தான், சுமார் 15,000 பேர் அங்கயே முடிஞ்சாங்க, அவரும் தான்.

யானை எடுக்கலாமா?

யானையக் கட்டி தீனி போடுறதுன்னு நம்ம ஊர்ல சும்மா சொல்லல. ஆசைக்கு ஒண்ணு எடுங்க, எதிரி குதிரைப்படைக்கு எதிரா நிறுத்துங்க. மிரண்டா உங்க வரிசை மேலயே ஏறும். ராஃபியாவுல டாலமிகிட்ட 73 ஆப்பிரிக்க யானை, எதிர்ல செலூசிட் ராஜா ஆன்டியோகஸ்கிட்ட 102 இந்திய யானை, இந்திய யானையோட வாசனையும் பிளிறலும் தாங்காம ஆப்பிரிக்க யானைங்க பின்வாங்கிருச்சாம். நம்ம நாட்டு யானைன்னு ஒரு பெருமை எனக்கு, ஆனா அந்தச் சண்டையில தோத்தது ஆன்டியோகஸ் தான், அதையும் சொல்லணும்.

ஏஐ சீட் பண்ணுதா?

ஆமா. காசு விஷயத்துல ஏஐக்கு சலுகை உண்டு, இல்லன்னா அதால இவ்ளோ சிக்கலான சிஸ்டத்த சமாளிக்கவே முடியாது. ஒத்த ஊர் வச்சிருக்கவன் முழு ஸ்டாக்கோட வருவான், கோவப்படாதீங்க. அவன் படைய வெளிய அழிச்சாலும் திரும்ப வரும், ஊர எடுத்தா தான் நிக்கும்.

சேவ் பண்ணி தோத்தா லோடு பண்றது தப்பா?

உங்க கம்ப்யூட்டர், உங்க கரண்ட் பில்லு. நான் எனக்கு ஒரு ரூல் வச்சிருக்கேன், என் முட்டாள்தனத்துக்கு லோடு கிடையாது, கை தவறி தப்பா க்ளிக் ஆனாலோ கேம் க்ராஷ் ஆனாலோ மட்டும் உண்டு. ஆனா முதல் கேம்பெயின்ல தாராளமா லோடு பண்ணுங்க, ஒரே சண்டைய மூணு விதமா ஆடிப் பாத்தா தான் எது ஏன் நடக்குதுன்னு புரியும்.

எல்லாம் நல்லாப் போகும்போது திடீர்னு சிவில் வார்.

திடீர்னு இல்ல, நீங்க உள்நாட்டு அரசியல் பேனல தொறக்கவே இல்ல. 2017 கடைசியில வந்த பவர் அண்ட் பாலிடிக்ஸ் அப்டேட்டுக்கு அப்புறம் ஒவ்வொரு கட்சிக்கும் விசுவாசம்னு ஒரு எண் இருக்கு, அது விழுந்தா அவங்க ஜெனரல் படையோட, ஊரோட பிரிஞ்சு போயிடுவான். பத்து டர்னுக்கு ஒரு தடவையாவது உள்ள போய்ப் பாருங்க. பெரிய படை, தொலைவுல இருக்க மாகாணம் ரெண்டையும் சொந்தக் குடும்பத்து ஆளுக்கே குடுங்க. அதே சமயம் எல்லாப் பதவியும் நம்ம வீட்டுக்கேன்னு வச்சாலும் மத்தவன் கடுப்பாவான். நம்ம அரசியல் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

ஈஸி ஆக்குற சப்மாட் (மாட் மேல போடுற குட்டி மாட்) போடலாமா?

போடலாம். மெயின் மாட் ஸ்டீம்ல மூணு பார்ட்டா வரும், மூணும் வேணும், அப்புறம் தான் சப்மாட். லோடு ஆர்டர சப்மாட் பக்கத்துல என்ன சொல்லியிருக்காங்களோ அப்படியே வைங்க. ஒண்ணு போட்டு டெஸ்ட் பண்ணி அடுத்தது போடுங்க, எட்டு சப்மாட்ட ஒரே நேரத்துல போட்டுட்டு க்ராஷ் ஆகுதுன்னு என்கிட்ட வராதீங்க. கேம்பெயின் நடுவுல மாட் அப்டேட் வந்தா பழைய சேவ் ஓடாம போகலாம், காப்பி எடுத்து வச்சுக்குங்க.

ஒரு டர்ன் முடிய இவ்ளோ நேரமா?

அவ்ளோ ஃபேக்ஷன் மேப்ல இருக்கு, ஆகத்தான் செய்யும். நான் அந்த கேப்ல தான் பொலிபியஸ் படிச்சு முடிச்சேன்.

எப்போ இந்த கேம்பெயின் தேறாதுன்னு விட்டுட்டு புதுசா ஆரம்பிக்கணும்?

பெரிய படை ஒண்ணு அழிஞ்சதுக்காக விடாதீங்க. மூணு விஷயம் பாருங்க, தலைநகர் ப்ராவின்ஸ் முழுசா கையில இருக்கா, ரெண்டாம் வகுப்புல இன்னும் ஆள் இருக்கா, வருமானம் சைபருக்கு மேல வருமா. மூணுல ரெண்டு இருந்தா ஆடலாம். வெளிய போய் சண்டை போடாதீங்க, ஹானிபாலோட நேரா மோதாத ரோமன் தலைவர் ஃபேபியஸ் மாதிரி எதிரிய தூரத்துல இருந்து பாத்துட்டே, ஊருக்குள்ள இருந்து அவன் சோறு தீர்றதுக்கு காத்திருங்க, சப்ளை சிஸ்டம் அவனுக்கும் கொஞ்சமாச்சும் வேலை செய்யும். ஃபேபியஸ ரோம்காரங்களே அப்போ கோழைன்னு தான் திட்டினாங்க.

ஆப்பிரிக்காவுல ரெண்டு ஸ்டாக்க தொலைச்சேன்னு சொன்னேன்ல, அந்த கேம்பெயின நான் விடல. இப்போ டர்ன் 212. சிசிலிய திரும்ப விட்டுட்டேன், திரும்பப் பிடிச்சுட்டேன், கார்த்தேஜ் இன்னும் அங்கயே தான் இருக்கு. இந்த தடவ கப்பல் ரெடி, பேக்கேஜ் ட்ரெய்ன் ரெண்டு, வசந்தம் வர இன்னும் ஒரு டர்ன்.